பிரஷருக்கு ஒரு காரணம் வேண்டும்

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள்மேல் ஒரே நாளில் அக்கறை வந்துவிட்டது. அதற்கு முன்பும் இருந்திருக்கலாம். ஆனால் விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கும் நல்ல தட்டுகளைப் போல அது அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது.

மாமியாரை வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்று, பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து நர்ஸ், "நீங்களும் கையை நீட்டுங்களேன், பார்த்துடலாம்" என்றாள். எழுபது தாண்டிய மாமியாருக்குக் கல்லூரிப் பெண்ணின் ரத்த அழுத்தம். நாற்பத்தாறு வயது மருமகளுக்கு நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நான்கு. நர்ஸ் பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். இயந்திரம் சொன்ன பேச்சை மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி அவளை முந்திக்கொண்டது. மாமியார் வண்டியில் உட்கார்ந்தபடியே மகனுக்கும் மகளுக்கும் போன் போட்டுவிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்டா. அவளுக்குத்தான் எகிறிக் கிடக்காம்." குரலில், தேர்வில் முதலாவதாக வந்தவரின் அடக்கம் இருந்தது.

அன்று மாலையே கூட்டம் கூடியது. கணவன், மாமியார், உப்பில்லாத பிஸ்கட் டப்பாவோடு நாத்தனார். பிஸ்கட்டை ஒரு கடி கடித்துப் பார்த்த மாமியார் அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மற்றவர்கள் உடம்புக்கு நல்லது என்று சொன்னார்.

"வேலைதான் காரணம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் கணவன். அவன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியன். எதையும் ஆதாரத்தோடுதான் பேசுவான். தன் தரப்பு தோற்கும்போது மட்டும், எல்லாவற்றையும் நிரூபிக்க முடியாது என்பான். "நாள் பூரா கண்டவனும் காதுல கத்துறான். ஏறாம என்ன செய்யும்?"

"வேலை இன்னைக்குப் போனா நாளைக்கு வரும் அண்ணி. உடம்பு போனா வருமா?" என்றாள் நாத்தனார். அவளுடைய பிரசவ விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. வங்கியில் நல்ல பதவி. விடுவதற்கில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம், இன்னொருத்தி குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். இரண்டுமே நாத்தனாருக்குப் பயமாக இருந்தது. "நீங்க வீட்டுல நிம்மதியா இருந்தா எங்களுக்கும் நிம்மதி. பாப்பா ஒரு ஓரமா விளையாடிட்டு இருப்பா. உங்களுக்கும் பொழுது போகும்."

பாப்பாவுக்கு எட்டு மாதம். அது இதுவரை எந்த ஓரத்திலும் இருந்ததாகத் தகவல் இல்லை.

இப்படியாக அந்த வீட்டின் இரண்டு கவலைகளும் ஒன்றையொன்று சந்தித்து, உடனே பிடித்துப்போய், கைகோத்துக்கொண்டன. மாமியார் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம். பேசினாலும் அப்படித்தான்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கு அது ஒரு பழக்கம். யாராவது இனிமையாகப் பேசினால் தலை தானாக ஆடிவிடும். கழுத்தில் யாரோ சின்ன ஸ்பிரிங் ஒன்றை வைத்துவிட்டது போல. பிறகு இரவில் படுத்துக்கொண்டு, எதற்கு ஆட்டினோம் என்று தேடுவாள்.

அவளுடைய வேலை இதுதான்: நகரத்தில் யார் வீட்டில் வாஷிங்மெஷின் நின்றுபோனாலும் அவளைத் திட்டலாம். திட்டுவதற்குக் கம்பெனி இலவச எண்ணே கொடுத்திருந்தது. நீளமான ஒரு கூடத்தில் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே, காதில் ஹெட்போனுடன் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்களால் தாங்க முடியாத அழைப்புகளைக் கடைசியில் அவளிடம் தள்ளிவிடுவார்கள். ஐஸ்கட்டி என்று அங்கே அவளுக்குப் பெயர்.

அவளுக்கு ஒரு வித்தை தெரியும். எதிர்முனையில் இருப்பவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "மெஷின் நின்னப்போ உள்ள என்ன துணி இருந்துச்சு?" என்று கேட்பாள். பழுது பார்க்க அது தேவையே இல்லை. ஆனால் கேட்டதும் குரல் இறங்கிவிடும். நாளைக்கு நேர்காணலுக்குப் போட வேண்டிய சட்டை என்பார் ஒருவர். ஆஸ்பத்திரியில் இருக்கும் அப்பாவின் போர்வை என்பாள் ஒருத்தி. துணியைச் சொல்ல ஆரம்பித்தவர்கள் தம்மைச் சொல்லிவிடுவார்கள். அழைப்பு முடியும்போது, நடுவில் சோப்புத் தண்ணீர் தேங்கி நிற்க, இரண்டு மனிதர்கள் கொஞ்ச நேரம் நண்பர்களாக இருந்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அவர்கள் போய்விடுவார்கள். வாழ்க்கையில் வேறு எங்கும் அவளுக்கு அந்தப் பொத்தான் இல்லை.

அந்தக் கூடம் போய்விட்டால் தன்னிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

டாக்டரிடம் கணவனும் கூட வந்தான். டாக்டர் ஒரு வயதான பெண்மணி. எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்வரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்.

"காரணம் என்ன டாக்டர்?" என்றான் கணவன், அவள் உட்காருவதற்கு முன்பே.

"ஒண்ணுன்னு கைகாட்ட முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும். பெரும்பாலானவங்களுக்கு அப்படி முடியாது. அம்மா அப்பாவுக்கு இருந்திருக்கலாம். வயசு, எடை, உப்பு, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கிறது, சரியாத் தூங்காதது, புகை, குடி, சில பேருக்கு சிறுநீரகம், கூடவே மன அழுத்தம்..."

"அதான் டாக்டர்! மன அழுத்தம்!"

"இவ்வளவு சொன்னேனே, கடைசி ஸ்டேஷன்லதான் ஏறுவீங்களா?" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"அப்பாவுக்கு இருந்துச்சு."

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"இல்லை டாக்டர். தலைவலிக்கு மட்டும்."

"அடிக்கடியா?"

"இல்லை. தினமும்தான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அந்த வலி மாத்திரைகளில் சிலது ரத்த அழுத்தத்தை ஏற்றும், யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று திட்டினார். அவளுக்கு அந்தத் திட்டு பிடித்திருந்தது. தினமும் தலை வலிக்கிறதா என்று யாரோ கேட்டது போல இருந்தது. கணவனும் ஆச்சரியப்பட்டான். "தினமும் தலை வலிக்குமா உனக்கு?" பிறகு உடனே தெளிந்து, "ஹெட்போன்தான் டாக்டர்" என்றான்.

ஒரு நாள் முழுக்க இயந்திரத்தைக் கட்டிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கையில் பட்டை, இடுப்பில் சின்னப் பெட்டி. அரைமணிக்கு ஒருமுறை தானாக உப்பி, அளந்து, பதிந்துகொள்ளும். அப்போது கையை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. "எண்ணைப் பார்த்துக்கிட்டே இருக்காதீங்க. உங்க வேலையைப் பாருங்க."

கணவன் முகம் மலர்ந்துவிட்டது. பரிசோதனைச் சாலைக்குள் நுழைந்த மாணவனைப் போல இருந்தான். மாடிப்படி இறங்கும்போது சொன்னான்: "வாதமே வேணாம். ஆதாரம் பேசட்டும். ஆபீஸ்ல ஏறுச்சுன்னா நீ ராஜினாமா. சரியா?"

அவன் இனிமையாகத்தான் கேட்டான். ஸ்பிரிங் ஆடிவிட்டது. "சரிங்க."

மறுநாள் காலை பட்டையும் பெட்டியுமாகக் கூடத்துக்குள் நுழைந்தவளைப் பார்த்து முதலில் எழுந்து நின்றவளுக்கு அங்கே வெடி என்று பெயர். அடுத்த தடுப்பில் உட்காருபவள். அவள் ரகசியம் பேசினால் கீழ்த்தளத்தில் காவலாளி பதில் சொல்வார்.

"என்னடி இது, இடுப்புல குண்டா? யாரை மிரட்டப் போறே?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். வெடி ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"சரி. ஆபீஸ்ல ஏறுனா ஆபீஸை விடணும். வீட்டுல ஏறுனா எதை விடணும்னு கேட்டியா?"

அவளுக்குத் திக்கென்றது. அது கேட்கவேண்டிய கேள்வி என்றே தோன்றியிருக்கவில்லை. "கேட்கலை."

"கேட்க மாட்டியே. கம்பெனிக்கே கேள்வி கேட்கக் கத்துக்குடுக்கிறவ, வீட்டுக்குப் போனா வாயில கொழுக்கட்டை."

முதல் அழைப்பே கொதித்துக்கொண்டு வந்தது. ஒருவர், தன் மெஷின் மூன்று முறை பழுது பார்த்த பிறகும் அறை முழுக்க நடந்து திரிவதாகவும், கம்பெனி முதலாளியை அதற்குள் போட்டுச் சுற்ற வேண்டும் என்றும் கத்தினார். நடுவில் பெட்டி முனகியது. பட்டை உப்பி, யாரோ தெரிந்தவர் கையைப் பிடித்து நிறுத்தியது போல மேல்கையை இறுக்கியது. அவள் பேசாமல், அசையாமல் அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காற்று இறங்கியதும், "உள்ள என்ன துணி சார் இருந்துச்சு?" என்றாள்.

வெடி குனிந்து பெட்டியைப் பார்த்தாள். கூடம் முழுக்க அறிவித்தாள்: "நூத்தி இருபத்திரெண்டு! ஐஸ்கட்டி உருகலை!" யாரோ கை தட்டினார்கள்.

அன்று முழுக்க அப்படித்தான். ஒரு பெண் அழுதுகொண்டே சபித்தபோது நூற்றுப் பதினெட்டு. ஒருவர் வழக்குப் போடுவேன் என்று வக்கீலையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியபோது நூற்று இருபது. ஒரே ஒரு தடவை நூற்று நாற்பத்தாறுக்குத் தாவியது. அப்போது அவள் சொந்த போனில் கணவன்: "என்ன, எவ்வளவு காட்டுது? பதற்றப்படாதே. பதற்றமா இருக்கா? உண்மையைச் சொல்லு."

வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குப் பாட வேண்டும் போல இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தாள். தலையாட்டிக் கொடுத்த வாக்கு தலையைக் காப்பாற்றப் போகிறது. சண்டை போடாமல், யார் மனதும் நோகாமல், எண்ணே தனக்காகப் பேசிவிடும். அவளுக்கு எப்போதும் அப்படி ஒருவர்தான் தேவைப்பட்டார்.

கதவைத் திறந்தால் கூடத்தில் ஒரு தொட்டில் நின்றது. இரும்புக் கால் வைத்த, மடக்குகிற தொட்டில். ஜன்னலோரம் அவள் நாற்காலி இருந்த இடத்தில். நாற்காலி சுவர் பக்கம் திரும்பி, தண்டனை வாங்கிய பிள்ளையைப் போல நின்றது.

"சும்மா அண்ணி," என்றாள் நாத்தனார். "இடம் பத்துமான்னு பார்க்கத்தான்."

இடம் போதுமாகத்தான் இருந்தது.

மாமியார் சிரித்தார். கணவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இருபது வருடத்தில் முதல் தடவை என்பதால், எந்த டம்ளர் என்று தெரியாமல் பூச்செடிக்கு ஊற்றுவதில் கொண்டுவந்தான். டிவி அணைக்கப்பட்டிருந்தது. எல்லோரும் மெல்லிய குரலில் பேசினார்கள். வீடு ஆஸ்பத்திரி வராந்தாவைப் போல இருந்தது.

பெட்டி முனகியது.

அவ்வளவுதான், மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். காற்று இறங்கும்வரை யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். ஏறினால் பழி தன்மேல் விழக்கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. மாமியார் டிபன் தட்டிலிருந்து வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதி வழியில் நின்றது. நாத்தனார் புன்னகையை மூடாமல் வைத்திருந்தாள். கணவன் அருகே வந்து குனிந்தான். இறுக்கம் தளர்ந்து எண் விழுந்தது. நூற்று ஐம்பத்தெட்டு.

"நான் வாயே திறக்கலை," என்றார் மாமியார் உடனே.

"நானும்தான்," என்றாள் நாத்தனார்.

அடுத்த அரைமணியில் நூற்று அறுபத்திரண்டு. அதற்கடுத்தது நூற்று அறுபத்தாறு. யாரும் ஒன்றுமே செய்யவில்லை. எல்லோரும் அன்பாகப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

"ஆபீஸ்ல நூத்தி இருபதுதாங்க இருந்துச்சு," என்றாள் அவள். அந்த நாளின் வெற்றி அவள் குரலில் சின்னதாகத் தெரிந்தது. "பூரா நாளும்."

கணவன் ஒரு நொடி திகைத்தான். ஒரு நொடிதான். பிறகு அவன் முகத்தில் வகுப்பறை வெளிச்சம் வந்தது. "அதான் ஆபத்து! அடுப்பை அணைச்ச பிறகும் குக்கர்ல பிரஷர் நிக்குதில்லையா? அங்க கத்துறதெல்லாம் உனக்குத் தெரியாமலே உள்ள சேருது. வீட்டுக்கு வந்து பாதுகாப்பா இருக்கோம்னு தெரிஞ்சதும் வெளிய வருது. தாமத விளைவு."

"அங்க ஏறியிருந்தா?"

"ஏறியிருந்தா நேரடி ஆதாரம்."

அவள் அவனையே பார்த்தாள். அவன் பொய் சொல்லவில்லை. அவன் உண்மையாகவே நம்பினான், நாத்தனாரும் நம்பினாள், அதுதான் பயமாக இருந்தது. எந்த எண் வந்தாலும் அது ஜன்னலோரம் கொண்டுபோய் அந்தத் தொட்டிலில்தான் படுக்க வைக்கப்படும். அவளுக்காகப் பேச ஒரு எண்ணும் இல்லை.

"அப்ப நாளைக்கே எழுதிக் குடுத்துடு," என்றான் கணவன் அன்பாக. "டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

அவள் பேச வாயெடுத்தாள். வந்தது ஆபீஸ் குரல். "உங்க அக்கறை எனக்குப் புரியுது..." என்று ஆரம்பித்தவளுக்கே அது கேவலமாகக் கேட்டது. அது நின்றுபோன மெஷின்களுக்கான குரல். முகம் தெரியாதவர்களுக்கானது. இங்கே எல்லா முகமும் தெரிகிறது, அதனால்தான் வாக்கியம் பாதியில் நிற்கிறது. இருபது வருடமாக இந்தக் கூடத்தில் அவள் பேச ஆரம்பித்த வாக்கியங்களின் பாதி உடல்கள் எங்கோ கிடக்கவேண்டும், சோபாவுக்கு அடியில் பார்த்தால் கிடைக்கலாம்.

"புரியுதில்ல? அவ்வளவுதான்," என்று அவளுடைய வாக்கியத்தைக் கணவன் முடித்துவைத்தான். "தங்கச்சி, நீ அடுத்த மாசத்துல இருந்து பாப்பாவை..."

பெட்டி முனகியது.

கணவன் பேச்சை அப்படியே நிறுத்தினான். நாத்தனார் உறைந்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் மாமியாரின் கரண்டி மறுபடி நின்றது. அந்த வீட்டின் சரித்திரத்தில் முதன்முறையாக, அவள் பேச வேண்டிய நேரத்தில் மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவளும் பேசக்கூடாது. டாக்டர் சொல்லியிருந்தார். பட்டை எலும்பு வரை இறுக்கியது. காதுக்குள் ரத்தம் கதவைத் தட்டுவது போலக் கேட்டது.

"நான் வேலையை விடமாட்டேன்," என்றாள்.

யாரும் அசையவில்லை. பட்டை இன்னும் உப்பிக்கொண்டிருந்தது.

"நேத்து சரின்னு சொன்னேன். தப்பு. எனக்குச் சரியில்லை. அங்கதான் எனக்கு மூச்சு விட முடியுது. பாப்பா எனக்கு உசுருதான், ஆனா நான் பார்த்துக்க முடியாது. உப்பைக் குறைக்கிறேன், நடக்கிறேன், அந்த மாத்திரையை நிறுத்துறேன். வேலையை விடமாட்டேன். தொட்டிலை எடுத்துடுங்க. அது என் நாற்காலி இருந்த இடம்."

குரல் நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஐஸ்கட்டியின் குரல் போலவே இல்லை. இத்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் காற்று இறங்கியது. எல்லோரும் ஒரே சமயத்தில் பெட்டியைப் பார்த்தார்கள்.

நூற்று எண்பத்தொன்று.

"பார்த்தியா!" என்று கணவன் பாய்ந்தான். "வேலையைப் பத்திப் பேசுனதுக்கே இவ்வளவு ஏறுது!"

"பேசிக்கிட்டே அளந்தா ஏறத்தாங்க செய்யும். ஏறட்டும். டாக்டர் மாத்திரை குடுத்தா போட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன்."

"அப்ப பாப்பா?" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. அத்தனை நேரம் பேசிய உடம்பு, நிம்மதி, அக்கறை எல்லாம் அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அவள் முகம் சிவந்தது.

மாமியார் கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"அவ போகட்டும்டா வேலைக்கு."

"அம்மா, உனக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? பகல் பூரா இவளும் நானும் இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கணும். இவ தலையாட்டிக்கிட்டே இருப்பா, நான் சொல்லிக்கிட்டே இருப்பேன். கூட உன் தங்கச்சி புள்ள வேற. அப்புறம் எனக்கில்ல அந்தப் பட்டையைக் கட்டணும்? ஆஸ்பத்திரியில என்னைக் காலேஜ் பொண்ணுன்னு சொல்லியிருக்காங்க. இவ காலைல எட்டு மணிக்குக் கிளம்புறதாலதான்டா அது."

அவள் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் இந்தச் சில நாளில் அந்த வீட்டில் ஒருவர் தன் காரணத்தைத் தன்னுடையதாகவே சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, எனக்கும் அதே பயம்தான்."

"தெரியும். மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே," என்ற மாமியார் உப்பு டப்பாவை எடுத்து, மருமகள் கைக்கு எட்டாத தூரத்தில், தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நாத்தனார் தொட்டிலை மடக்கப் போனாள். அது மடங்கவில்லை. ஒரு கால் உள்ளே போனால் இன்னொன்று வெளியே வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நின்றாள். மருமகள் எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தாள். பட்டை கட்டிய கை சரியாக வளையவில்லை. இருவரும் எதிரெதிரே குனிந்து நின்றார்கள்.

"எனக்கும் வேலையை விடப் பயமா இருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"தெரியும்டா. அந்தக் கொக்கியை உன் பக்கம் இழு."

"நல்ல ஆளே கிடைக்கலை."

"போனைப் பார்க்காதவளை வரச் சொல்லு. சனிக்கிழமை நானும் வர்றேன், கேட்டுப் பார்ப்போம். குழந்தையைப் பார்த்துக்கிட்டே இருந்தா அது நல்லதுதானே?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். கொக்கி விடுபட்டு, தொட்டில் பெரிய சத்தத்தோடு மடங்கியது. பெட்டி மறுபடி முனக ஆரம்பித்தபோது மருமகள் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். இந்த முறை யாரும் உறையவில்லை. மாமியார் டிவியைப் போட்டுவிட்டார்.

கணவன் மட்டும் அறையின் நடுவில் நின்றான். தேர்வறையில் கேள்வித்தாளைப் பறிகொடுத்தவன் போல இருந்தான்.

"எல்லாம் சரி. நாளைக்கு டாக்டர் கேட்டா காரணம் என்னன்னு சொல்றது?"

"டாக்டர் கேட்க மாட்டாங்க," என்றாள் அவள், உட்கார்ந்தபடி. "நீங்கதான் கேட்பீங்க."

அவன் அதை யோசித்துக்கொண்டே தொட்டிலின் ஒரு முனையைத் தூக்கினான். இன்னொரு முனையைத் தங்கை பிடித்துக்கொள்ள, இருவரும் கதவில் இடித்து, வலதா இடதா என்று சண்டை போட்டுக்கொண்டு படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.